கொழும்பா, மட்டக்களப்பா, டாக்காவா? மருத்துவ பீடத் தெரிவு: கேள்வி பதில்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியானதும் உறவினர், அயலவர், நண்பர்களின் பிள்ளைகள் என்று பலரும் என்னிடம் இதே கேள்விகளோடு வருகிறார்கள். கொழும்பில் பணியாற்றுகிற, மாணவர்களுக்கு வார்ட்டில் கற்பிக்கிற மருத்துவன் என்ற முறையில் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை, ஒரு தாய்): மகளின் இசட் புள்ளிக்கு (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கிற புள்ளி) மருத்துவம் உறுதி. கொழும்பு பீடத்தை முதலாவதாகப் போடாவிட்டால் பிறகு வருந்துவாள் என்று சொந்தக்காரர் எல்லோரும் சொல்கிறார்கள். டொக்டர், பெயருக்கு அவ்வளவு மதிப்பு உண்டா?

பதில்: மணமகன் தேவை விளம்பரத்தில் உண்டு. தொழிலில் மிகக் குறைவு. 1870இல் தொடங்கிய பீடம், எதிரே தேசிய வைத்தியசாலை, பக்கத்தில் டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனையும் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் என்றால் பெருமை இருக்கத்தான் செய்யும். ஆனால் அரச பீடங்கள் எல்லாவற்றுக்கும் இறுதிப் பரீட்சையில் ஒரு பொதுப் பகுதி இருக்கிறது. அதிலிருந்துதான் நாடு முழுவதற்குமான தரவரிசை வருகிறது. உள்ளகப் பயிற்சிக்கு எந்த வைத்தியசாலை என்பதை அந்த வரிசைப்படியே தெரிவு செய்வார்கள். அநுராதபுரத்தில் படித்து வரிசையில் மேலே வந்தவர், கொழும்பில் படித்துக் கீழே நிற்பவருக்கு முன்னால் இடத்தை எடுத்துக்கொள்வார். விசேட நிபுணராக விரும்பினால் எல்லோரும் எழுதுவது பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனத்தின் பரீட்சையைத்தான். அங்கே யாரும் பீடத்தின் பெயரைப் பார்த்துப் புள்ளி போடுவதில்லை.

கற்கும் விதத்தில் மட்டும் வேறுபாடு இருக்கிறது. பெரிய வைத்தியசாலையில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு மாணவர் நிற்பார்கள். பேராசிரியர் வீங்கிய மண்ணீரலைத் தொட்டுக் காட்டும்போது முன்வரிசையில் இருப்பவரின் விரல்தான் அதை உணரும். பின்வரிசைக்குக் கேட்பது நோயாளியின் இருமல் மட்டும். அரிய நோய்களைக் கொழும்பில் அதிகம் காணலாம் என்பது உண்மை. ஆனால் பாம்புக்கடியையும் நாட்பட்ட சிறுநீரக நோயையும் அநுராதபுரத்து மாணவர் பார்க்கிற அளவுக்கு இங்குள்ளவர் பார்ப்பதில்லை. உங்கள் மகள் முண்டியடித்து முன்னால் போகிற சுபாவமா, ஒதுங்கி நிற்பவளா? இதை உறவினர் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (மட்டக்குளி, ஒரு தந்தை): அரச பல்கலைக்கழகம் இலவசம்தானே? பிறகு ஏன் செலவு, செலவு என்கிறார்கள்?

பதில்: கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, புத்தகம் எல்லாம் உங்கள் பையிலிருந்துதான். வருமானத் தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசில் அல்லது உதவிப்பணம் கிடைக்கும். அது மாதத்தின் ஒரு பகுதியைத்தான் தாங்கும். ஆகவே வீட்டிலிருந்து போய்வரக்கூடிய பீடம் கிடைப்பதுதான் பெரிய மிச்சம்.

இங்கே பல பெற்றோர் சறுக்குவது பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவதில். களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் களனியில் இல்லை, ராகமையில் இருக்கிறது. ருகுணைப் பல்கலைக்கழகம் மாத்தறை, மருத்துவ பீடம் காலி கராப்பிட்டிய. ரஜரட்டை மிகிந்தலையில் இருந்தாலும் மருத்துவ மாணவர் படிப்பது அநுராதபுரம் நகருக்கு அருகில். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், மருத்துவ பீடமோ மட்டக்களப்பு நகரை ஒட்டி. அதற்குமேல், மூன்றாம் வருடமளவில் வார்ட் பயிற்சி தொடங்கியதும் வகுப்பறை எங்கே என்பதைவிட வைத்தியசாலை எங்கே என்பதே முக்கியமாகிவிடும். ஜயவர்தனபுர மாணவர்கள் களுபோவில வைத்தியசாலையில் பயிற்சி பெறுகிறார்கள். தெஹிவளைக் குடும்பத்துக்கு அது வீட்டு வாசல் மாதிரி. உங்களுக்கு மட்டக்குளியிலிருந்து ராகமை ஒன்றும் தூரமில்லை. இறுதி வருடத்தில் இரவிலும் வார்ட்டில் நிற்க வேண்டிவரும். அப்போது மட்டும் பக்கத்தில் அறை எடுத்தால் போதும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, மாணவன்): தமிழ் மொழிமூலம் படித்தேன். ஆங்கிலம் சுமார், சிங்களம் கடைக்குப் போய்வருகிற அளவு. யாழ்ப்பாணம்தான் எனக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: தம்பி, பாதிதான் சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், அதற்காக நூல்களையும் மொழிபெயர்த்தார். அந்தக் காலம் போய்விட்டது. இன்று யாழ்ப்பாணத்திலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் மூச்சு முட்டும். பிறகு பழகிவிடும். தமிழ் மொழிமூலம் வந்து தரவரிசையில் மேலே நின்றவர்கள் ஏராளம்.

சிங்களம் வேறு விஷயம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ நோயாளியோடு உன் மொழியிலேயே பேசலாம், அது பெரிய ஆறுதல். ஆனால் உள்ளகப் பயிற்சிக்கும் முதல் நியமனத்துக்கும் உன்னை மொனராகலைக்கு அனுப்பினால்? நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற வயோதிபரிடம் வலி எப்போது தொடங்கியது, கைக்குப் பரவுகிறதா, வியர்த்ததா என்று கேட்க மொழிபெயர்ப்பாளர் கிடைக்கமாட்டார். யாழ்ப்பாணத்துக்கு வருகிற சிங்கள மாணவர்கள் நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொள்கிறார்கள். நீ கொழும்பில் வளர்ந்தவன், உனக்கு அதைவிட இலகு. மொழிக்குப் பயந்து பீடத்தைத் தெரிவு செய்யாதே. அம்மாவின் உடல்நிலை, செலவு போன்ற காரணம் இருந்தால் அது நியாயம்.

கேள்வி (தெஹிவளை, ஒரு தந்தை): மகனுக்கு மிகச் சிறிய வித்தியாசத்தில் தவறிவிட்டது. இரண்டாம் தடவை எழுதச் சொல்வதா, பங்களாதேஷுக்கு அனுப்புவதா? இல்லை, செலவு குறைவு என்கிற சீனா, பெலாரஸா?

பதில்: முதலில் தவறியது ஏன் என்று பாருங்கள். 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்கள் என்ற பங்கீட்டில் கொழும்பு மாவட்டப் பிள்ளைக்குக் கடைசி வழி இல்லை. இதே புள்ளியோடு வேறு மாவட்டத்தில் உள்ளே போயிருப்பான் என்று புலம்பிப் பயனில்லை. இடைவெளி உண்மையிலேயே சிறியது, மகனுக்கும் இன்னொரு முறை எழுத மனமிருக்கிறது என்றால் எழுதட்டும். ஒரு வருடம் போனால் போகட்டும். மூன்றாம் தடவைக்கு மட்டும் நான் தயங்குவேன்.

வெளிநாடு என்றால் முதல் வருடக் கட்டணத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 6,000 டொலர் என்று வைப்போம். 2022 தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், அதாவது 12 இலட்சம். அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாயளவில், அதாவது 21 இலட்சத்து 60 ஆயிரம். பிள்ளை இரண்டாம் வருடத்தில் இருக்கும்போது இது நடந்தது. எத்தனையோ குடும்பங்கள் காணியை விற்றன. ஐந்தாறு வருடக் கட்டணம், விடுதி, விமானம், திரும்பி வந்த பின் பரீட்சைக்குப் படிக்கிற காலத்துச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, ரூபாய் இன்னொரு முறை சரிந்தால் தாங்குமா என்று கேளுங்கள். கடனில்தான் முடியும் என்றால் அனுப்பாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். பலருக்கு இது பிடிக்காது.

திரும்பி வருகிற எல்லோரும் இலங்கை மருத்துவ சபை வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு நடத்துகிற ஈஆர்பிஎம் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் உள்ளகப் பயிற்சி. பலர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எழுதுகிறார்கள். இங்கேதான் பங்களாதேஷ் பரவாயில்லை என்று தோன்றுகிறது. டெங்கு, தைபோய்ட், காசநோய் என்று நோய்கள் நமக்குப் பழக்கமானவை, பாடத்திட்டமும் ஐந்து வருடம், கட்டில் அருகே நின்று கற்கிற முறையும் நம்முடையதைப் போன்றது. சீனாவிலும் பெலாரஸிலும் விரிவுரை ஆங்கிலத்தில் கிடைத்தாலும் நோயாளி ஆங்கிலத்தில் பேசமாட்டார். அந்த மொழியை ஒழுங்காகப் படிக்காத மாணவர் வார்ட்டில் வேடிக்கை பார்ப்பவர்தான். போதாததற்கு, 2020இல் சீனாவிலிருந்து வந்தவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் திரும்ப முடியாமல் வீட்டிலிருந்து திரையில் மருத்துவம் படித்தார்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த பல்கலைக்கழகம் என்று முகவர் துண்டுப்பிரசுரம் தந்தார். நம்பலாமா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் மருத்துவக் கல்லூரிகளை அங்கீகரிப்பதே இல்லை. இப்படி அச்சடித்த முகவரிடம் அதற்குமேல் ஒரு நிமிடமும் செலவழிக்காதீர்கள். உலக மருத்துவப் பாடசாலைகளின் விவரக்கொத்தில் பெயர் இருப்பதும் தரச்சான்று அல்ல. மருத்துவ சபையிடம் நேரடியாகக் கேளுங்கள்: இந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறீர்களா, என் பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு போதுமா? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி (கொச்சிக்கடை): தமிழ்நாட்டில் படித்தால் மொழிப் பிரச்சினை இல்லையே?

பதில்: இல்லைதான். ஆனால் இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர வெளிநாட்டவரும் நீட் எழுத வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணமும் வேறு. திரும்பி வந்தால் ஈஆர்பிஎம் இதற்கும் உண்டு.

கேள்வி (இரத்மலானை): இங்கேயே கட்டணம் செலுத்திப் படிக்க வழி வந்தால் சேரலாமா? மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு நடந்ததை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. எண்பதுகளில் ராகமையில் தனியார் கல்லூரி ஒன்று வந்து, எதிர்ப்புக்குப் பிறகு அரசிடம் போய், இன்றைய களனி பீடமாகியது. மாலபேயில் மாணவர்கள் வருடக்கணக்கில் பதிவுக்காக நீதிமன்றத்தை நம்பி இருந்தார்கள், கடைசியில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும், அங்கே படித்து வெளியேறிய முதல் தொகுதி மருத்துவ சபையில் பதிவு பெற்றுவிட்டதா என்று பாருங்கள். உங்கள் பிள்ளை முதல் தொகுதியாக இருக்க வேண்டாம்.

கேள்வி (பொரளை, மாணவி): எதிர்காலத்தில் இங்கிலாந்து போக விருப்பம். அதற்குக் கொழும்பு பீடம் உதவுமா?

பதில்: வெளிநாட்டில் படித்தவர்கள் அங்கே மருத்துவராகப் பதிவு பெற எழுதுகிற பிளாப் பரீட்சைக்கு நம் அரச பீடங்களுக்கிடையே வேறுபாடு கிடையாது. ஆங்கிலத்தை இப்போதே வளர்த்துக்கொள்.

கேள்வி (கிருலப்பனை, மாணவி): விண்ணப்பத்தில் வரிசையை எப்படி எழுதுவது? கிடைக்காது என்று தெரிந்த பீடத்தை முதலில் போட்டால் மற்றதும் போய்விடுமா?

பதில்: போகாது. உண்மையில் விரும்புகிற வரிசையிலேயே எழுது. இசட் புள்ளியும் வரிசையும் சேர்ந்துதான் இடம் தீர்மானிக்கப்படும். மருத்துவ பீடங்கள் அத்தனையையும் எழுதிய பிறகே பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், மருந்தகவியல், இயன்மருத்துவம் என்று போ. அவற்றில் எதைப் படிக்க உனக்குச் சற்றும் விருப்பமில்லையோ அதைப் பட்டியலில் சேர்க்காதே. ஒன்றில் பதிவு செய்துவிட்டு அடுத்த வருடம் மருத்துவத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அந்த விதியை முதலில் வாசிக்க வேண்டும். அப்பா நிரப்பித் தருகிறேன் என்றாலும் நீயே நிரப்பு. அனுப்புமுன் பாடநெறிக் குறியீடுகளை இன்னொருவரை வாசிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகச் சரிபார்.