பழைய டெவலப்பர் சாவியோடு போய்விட்டார். ஆப்பை இனி அப்டேட் செய்ய முடியுமா?

கேள்வி: ஈரோடு பக்கம் வீடு வீடாகப் பால், தயிர் கொடுக்கிறோம். 2022-இல் ஒரு தம்பி ஃப்ளட்டர் என்ற மென்பொருள் கருவியில் ஆப் செய்து ப்ளே ஸ்டோரில் போட்டுக் கொடுத்தார். சுமார் 4,000 வாடிக்கையாளர்கள் நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதை அதில்தான் சொல்கிறார்கள். இப்போது சில மாற்றங்களுக்காக வேறொருவரிடம் கொடுத்தோம். அவர் போனில் நன்றாக ஓடுகிறது. டெவலப்பர்கள் ஆப்பை ஏற்றும் கூகுள் தளமான ப்ளே கன்சோலில் ஏற்றினால் மட்டும் 'தவறான கீ-யால் சைன் செய்யப்பட்டுள்ளது' என்று சிவப்பில் வருகிறது. பழைய தம்பி வெளிநாடு போய்விட்டார், போனை எடுப்பதில்லை. ஒரு ஏஜென்சியில் கேட்டால், இந்த ஆப் முடிந்தது, புது ஆப்பாகத்தான் போட வேண்டும், 35,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னொருவர் பழைய கீயை உடைத்து எடுத்துத் தருகிறேன் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். உங்கள் ஆப் முடியவில்லை. தொலைந்த சாவிக்குப் பதிலாகப் புதுச் சாவியை கூகுளிடமே பதிவு செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தில்தான் எல்லாம் நிற்கிறது. அந்த ப்ளே கன்சோல் கணக்கு யாருடைய ஜிமெயிலில் திறக்கப்பட்டது? உங்கள் ஜிமெயிலா, தம்பியுடையதா? உள்ளே போக முடிகிறது என்பதால் கணக்கு உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். கன்சோலில் பயனர்களும் அனுமதிகளும் இருக்கும் பக்கத்தைத் திறந்து, உரிமையாளர் என்று எந்த மெயில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கூகுள் கண்ணுக்கு அவர்தான் முதலாளி. பால் யாருடையது, மாடு யாருடையது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

சாவி என்கிறார்களே, அது என்ன? உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். சொசைட்டிக்குக் கேன் கொண்டு போனால், கேன் மேல் உள்ள உங்கள் எண்ணைப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் பாக்கெட்டில் போய்ச் சேர்வது சொசைட்டியின் முத்திரை. ஆண்ட்ராய்டு ஆப்பிலும் இதே இரண்டு அடையாளம் உண்டு. டெவலப்பர் கூகுளிடம் கொடுக்கும்போது போடுவது அப்லோட் கீ. வாடிக்கையாளர் போனுக்கு அனுப்பும்போது கூகுள் போடுவது ஆப் சைனிங் கீ. போன் சரிபார்ப்பது இந்த இரண்டாவதை மட்டும்தான். உங்கள் தம்பி கொண்டுபோனது முதலாவது, அதாவது கேன் மேல் உள்ள எண். அதை மாற்றிக்கொள்ளலாம்; வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது.

2021 ஆகஸ்டிலிருந்து புது ஆப் எதுவானாலும் ஆப் பண்டில் என்ற கோப்பு வடிவத்தில்தான் ஏற்ற வேண்டும், ஆப் சைனிங் கீ கூகுள் வசம்தான் இருக்கும் என்று ஆகிவிட்டது. கீயைக் கூகுள் வசம் விடும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் ப்ளே ஆப் சைனிங் என்று பெயர். உங்களுடையது 2022 என்பதால் நீங்கள் தப்பித்தீர்கள்.

வேலை இவ்வளவுதான். புது டெவலப்பர் தன் கணினியில் கீடூல் என்ற கருவியை வைத்துப் புதிய கீஸ்டோர், அதாவது சாவி இருக்கும் கோப்பு ஒன்றை உருவாக்குவார். வழக்கமாக 10,000 நாள் செல்லுபடி கொடுப்பார்கள், 27 வருஷத்துக்கு மேல் கவலையில்லை. அதிலிருந்து பெம் என்ற சான்றிதழ் கோப்பைத் தனியாக எடுத்து உங்களிடம் தருவார். உரிமையாளர் கணக்கில் நுழைந்து, ஆப் ஒருமைப்பாடு என்ற பகுதியில் ப்ளே ஆப் சைனிங் அமைப்புகளுக்குப் போய், அப்லோட் கீயை மாற்றக் கோரும் பொத்தானை அழுத்தி, தொலைந்துவிட்டது என்று காரணம் குறித்து அந்த பெம் கோப்பை ஏற்ற வேண்டும். நான் சொல்கிற இடத்தில் அந்தப் பக்கம் இல்லையென்றால் என்னைத் திட்டாதீர்கள். வீட்டுச் சாமானை வாராவாரம் இடம் மாற்றி வைக்கிறவர்கள் மாதிரி கூகுள் அந்த மெனுக்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

கோரிக்கை போனதும் புதுக் கீ எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து செல்லும் என்று தெரிவிப்பார்கள். பெரும்பாலும் இரண்டு நாள். அந்த நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பாருங்கள். அதற்கு முன்னால் ஏற்றினால் அதே சிவப்பு எழுத்துதான் வரும். பதறிப்போய் இன்னொரு கீ செய்து, இன்னொரு கோரிக்கை போட்டு, எந்தக் கோப்பு எந்தக் கோரிக்கைக்கு என்று குழம்பி நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலர், எங்கள் ஆப் 2018-இலேயே போட்டதாயிற்றே என்று கேட்பீர்கள். உங்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஏபிகே கோப்பாக, அதாவது போனில் நேரடியாகப் போடக்கூடிய கோப்பாக, ஏற்றியவர்கள் பலர் ப்ளே ஆப் சைனிங்கில் சேரவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கீ. அதுவே கேன் எண், அதுவே பாக்கெட் முத்திரை. அது தொலைந்தால் கூகுளாலும் எதுவும் செய்ய முடியாது. ஆனால் கையைப் பிசைவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ப்ளே ஆப் சைனிங் 2017-இலேயே வந்துவிட்டது. யாரோ ஒரு டெவலப்பர் போகிற போக்கில் சம்மதம் கொடுத்துச் சேர்த்துவிட்டிருக்கலாம். அப்படி இருந்தால் மேலே சொன்ன வழி உங்களுக்கும் பொருந்தும். இல்லையென்றால் தேட வேண்டியதுதான்: பழைய லேப்டாப், பென் டிரைவ், மெயில் இணைப்புகள், கூகுள் டிரைவ், கோடிலிருந்து ஆப்பைத் தானாக உருவாக்கித் தரும் (பில்ட் செய்யும்) சேவை எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதன் அமைப்புகள். கோப்பின் பெயர் ஜேகேஎஸ் என்றோ கீஸ்டோர் என்றோ முடியும். ஃப்ளட்டர் திட்டம் என்றால் ஆண்ட்ராய்டு கோப்புறைக்குள் கீ.ப்ராப்பர்டீஸ் என்ற சின்னக் கோப்பு இருக்கிறதா பாருங்கள். கடவுச்சொற்கள் இரண்டும், கீயின் செல்லப்பெயரும், கீஸ்டோர் எங்கே இருக்கிறது என்பதும் அதில் அப்படியே எழுதியிருக்கும். நானே ஒரு முறை லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிட்டு, ஒரு வாடிக்கையாளரின் கீயை இழந்து, மூன்று நாள் தேடி, கடைசியில் நானே எனக்கு அனுப்பிய பழைய மெயிலில் கண்டுபிடித்தேன். அந்த மூன்று நாளும் தூக்கம் இல்லை. அதனால் 2021-க்கு முந்தைய ஆப் வைத்திருப்பவர்கள் இன்றே அந்தக் கோப்பை வாங்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். உரிமையாளர் இடத்தில் தம்பியின் மெயில் இருந்தால்? அப்போது சாவியை மறந்துவிட்டு அந்த மனிதரைத் தேடுங்கள். அவர் உறவினர், நண்பர், லிங்க்ட்இன், எதுவானாலும் சரி. அவர் ஒரு முறை உட்கார்ந்து ஆப்பை உங்கள் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும். ரேட்டிங், விமர்சனங்கள், பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் கூடவே வருவார்கள். நீங்கள் 25 டாலர் கட்டிச் சொந்தமாக ஒரு கணக்கு திறந்திருக்க வேண்டும்; அந்தக் கட்டணத்துக்கான பரிவர்த்தனை எண்ணை அவர் கேட்பார், கொடுங்கள். பாஸ்வேர்டு எதையும் அவரும் கேட்கத் தேவையில்லை, நீங்களும் கொடுக்கத் தேவையில்லை. அவர் கிடைக்கவே இல்லையென்றால் கூகுளுக்கு எழுதிப் பார்க்கலாம். முன்கூட்டியே அச்சடித்து வைத்தது போன்ற பதில் ஒன்று வரும். எதிரே ஒரு ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கும்.

இந்த மௌனத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். கீயை உடைத்துத் தருகிறேன் என்றவரை அப்படியே வாசலோடு அனுப்புங்கள். ஆர்எஸ்ஏ என்ற பூட்டு முறையில் செய்த 2048 பிட் கீயை யாரும் உடைக்க முடியாது. அவர் அடுத்து கேட்கப்போவது உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டும் ஓடிபியும். ஏஜென்சிக்காரர் அவ்வளவு மோசமில்லை. ஆனால் 35,000 ரூபாய்க்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. புது ஆப் என்றால் புதுப் பேக்கேஜ் பெயர், அதாவது ப்ளே ஸ்டோர் ஆப்பை அடையாளம் காணும் பெயரே வேறு. 4,000 பேரும் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். எத்தனை பேர் போடுவார்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அவர் புதிதாக ஒரு தனிநபர் கணக்கு திறந்து போடுவாரானால் இன்னொரு முட்டுக்கட்டை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளில், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தால்தான் ஆப்பை வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். இந்த 12 பேரையும் காசுக்கு விற்கிற ஒரு தொழிலே இப்போது நடக்கிறது. 12 மெயில் ஐடி, 12 ஓட்டைப் போன், ஒரே ஆள். அப்புறம் நிறுவனக் கணக்குக்குத் தேவைப்படும் டன்ஸ் எண் என்ற நிறுவன அடையாள எண்ணை வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள். அந்த எண் இலவசம். கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது வாடகைக் கணக்கு. எங்களிடம் பழைய கன்சோல் கணக்கு இருக்கிறது, சோதனை எதுவும் வேண்டாம், அதில் போட்டுவிடுகிறோம் என்பார்கள். அதே கணக்கில் கடன் ஆப்பும் சூதாட்ட ஆப்பும் உங்கள் பால் ஆப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அவை பிடிபட்டு கணக்கு மூடப்பட்டால் உங்கள் ஆப்பும் போகும். அதோடு தொடர்புடைய கணக்கு என்று சொல்லி, நீங்கள் பின்னால் திறக்கும் சொந்தக் கணக்கையும் மூடுவார்கள். மேல்முறையீடு உண்டு. அதற்கும் அச்சடித்த பதில்தான்.

உங்கள் புது டெவலப்பரைச் சந்தேகப்பட வேண்டாம். அவர் போனில் ஓடியது பொய்யில்லை. நேரடியாகப் போடும்போது போன் எந்தக் கீயையும் ஏற்கும், அதே ஆப் வேறு கீயோடு ஏற்கெனவே போனில் இல்லாத வரைக்கும். உங்கள் போனில் ப்ளே ஸ்டோர் பதிப்பு இருக்கும்போது அவர் அனுப்பிய ஏபிகே-யைப் போட்டுப் பாருங்கள், இன்ஸ்டால் ஆகாது. அவர் தனியாகக் கூலி கேட்டால் கொடுக்கவேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் ப்ளே ஸ்டோரில் அப்டேட் ஏற்ற, ஆப் குறைந்தது ஆண்ட்ராய்டு 15-ஐ, டெவலப்பர்கள் கணக்கில் ஏபிஐ 35 என்ற பதிப்பை, இலக்காகக் கொண்டிருக்க வேண்டும். இந்தப் படி வருஷா வருஷம் ஏறும். 2022-இல் எழுதிய ஃப்ளட்டர் கோடை அங்கே கொண்டுவருவது விளையாட்டில்லை: ஆப்பை உருவாக்கும் கிரேடில் கருவி புதிதாக வேண்டும், ஜாவா 17 வேண்டும், பிளகின் எனப்படும் பழைய துணை நிரல் ஒவ்வொன்றும் நேம்ஸ்பேஸ் (தனக்கான அடையாளப் பெயர்) இல்லை என்று பில்டை நிறுத்தும். இதற்கு நாலைந்து நாள் ஆகும் என்று அவர் சொன்னால் பேரம் பேசாதீர்கள். பப்ஸ்பெக் என்ற அமைப்புக் கோப்பில் கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கும் பில்ட் எண்ணை ஏற்றவும் நினைவூட்டுங்கள். கீ சரியாகி, மற்றதெல்லாம் சரியாகி, இந்த ஒற்றை எண்ணால் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஐபோன் ஆப்பும் இருந்தால் அங்கே இந்தச் சாவிக் கவலையே கிடையாது, சான்றிதழ் தொலைந்தால் இன்னொன்று எடுக்கலாம். வருஷம் 99 டாலர் கட்டுவதுதான் வலி.

கீ மாறியபின் கூகுள் லாகின் வேலை செய்யவில்லை என்று டெவலப்பர் சொன்னால் பயப்படாதீர்கள். ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்குகிறவர்களுக்கு ஆப் சைனிங் கீ மாறவேயில்லை, அவர்களுக்கு லாகின் ஓடும். அவர் தன் மேசையில் புது அப்லோட் கீயால் செய்த பில்டில்தான் தகராறு. புதுக் கீயின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-1 எண்ணை, ஆப்பின் பின்னணி வேலைகளைப் பார்க்கும் கூகுள் சேவையான ஃபயர்பேஸில் சேர்த்தால் அதுவும் தீரும்.

ஆனால் அந்த ஃபயர்பேஸ் யார் மெயிலில் இருக்கிறது? வாடிக்கையாளர் பட்டியலும், காலையில் போகும் அறிவிப்பும் அங்கேதான் இருக்கும். தம்பியின் மெயிலில் இருந்தால், கன்சோல் உங்களுடையதாகவே இருந்தாலும் அவரைப் பிடித்தாக வேண்டும். உங்களை அதில் உரிமையாளராகச் சேர்க்க அவருக்கு ஐந்து நிமிஷம் போதும். வாட்ஸ்அப்பில் கோபமில்லாமல் ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பாக்கிப் பணம் ஏதாவது நிற்கிறதா என்றும் யோசியுங்கள். போனை எடுக்காததற்கு அதுதான் காரணமாக இருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.