வாசகர் கேள்வி: கட்டுச்சோறும் தவக்குலும்

அத்தா ஹஜ்ஜுக்குப் போகிறார், சர்க்கரை நோயாளி. "அல்லாஹ்வின் வீட்டுக்குப் போக மாத்திரை மூட்டை எதற்கு, அவன் பார்த்துக்கொள்வான்" என்கிறார். வற்புறுத்தினால் ஈமான் (இறைநம்பிக்கை) குறைவாகிவிடுமா?
— வாசகி, நெல்லிக்குப்பம்

அத்தாவிடம் யமன்காரர்களைப் பற்றிச் சொல்லுங்கள். 'நாங்கள் தவக்குல் (அல்லாஹ்வையே முழுமையாகச் சார்ந்திருத்தல்) வைத்தவர்கள்' என்று வெறுங்கையோடு ஹஜ்ஜுக்குக் கிளம்பிய அவர்கள், மக்கா வந்ததும் பிறரிடம் கையேந்தினார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள் என்ற குர்ஆன் வசனம் (2:197) அதற்காகத்தான் இறங்கியது. அதே வசனம், கட்டுச்சோற்றில் சிறந்தது இறையச்சம் என்றும் சொல்கிறது. இரண்டும் வேண்டும்.

நபி இப்ராஹீமின் மனைவி ஹாஜரா அம்மையாரைப் பாருங்கள். அவரையும் கைக்குழந்தையையும் வெறும் பாலையில் நபி விட்டுச் சென்றபோது, 'அல்லாஹ்வா கட்டளையிட்டான்? அப்படியானால் எங்களைக் கைவிடமாட்டான்' என்றார்கள். பிள்ளை தாகத்தில் துடித்தபோது உட்கார்ந்திருக்கவில்லை; ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு முறை ஓடினார்கள். ஹஜ்ஜில் செய்யும் ஸயீ என்பதே அந்த ஓட்டம்தான்.

இனி மூட்டை. பயண நாட்களுக்கு மேல் பத்து நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். மருந்தின் மூலப்பெயர் (generic name) எழுதிய டாக்டர் சீட்டு அவசியம். இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துபோனால் அது பயன்படாது. மக்காவுக்கு வெளியே மினா, அரஃபா, முஸ்தலிஃபா ஆகிய இடங்களில் தங்கும் நாட்களுக்குத் தனிச் சிறுபை வைத்து, பிஸ்கட்டும் சர்க்கரையும் போட்டுவையுங்கள். நடை கூடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும். ஆண்கள் இஹ்ராமில் (ஹஜ்ஜுக்கான கட்டுப்பாட்டு நிலையில்) காலுறை போடக்கூடாது. செருப்பைப் பள்ளியின் வாசலில் விட்டால் திரும்பக் கிடைப்பது அரிது. உணர்ச்சி குறைந்த பாதம் வெளியே கொதிக்கும் தரையில் வெந்தாலும் தெரியாது. ஆகவே செருப்பைத் துணிப்பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளட்டும். ஸயீ மட்டுமே ஏறக்குறைய 3 கி.மீ. இப்போதே தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் நடக்கச் சொல்லுங்கள்.

ஸயீயில் போய்வந்தால் ஒன்றா, இரண்டா?
— வாசகர், புதுச்சேரி

இரண்டு. ஸஃபாவில் தொடங்கி மர்வாவில் ஏழு முடியும். ஸஃபாவில் முடிந்தால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று பொருள். போய்வருவதை ஒன்றாக எண்ணிப் பதினான்கு நடப்பவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையையே கொள்ளுங்கள். வழியில் உள்ள பச்சை விளக்குகளுக்கு இடையே ஆண்கள் மட்டும் விரைந்து ஓட வேண்டும். ஒரு பெண் ஓடிய ஓட்டத்தின் நினைவில் பெண்களுக்கு ஓட்டம் இல்லை என்பது வேடிக்கைதான்!

நாங்கள் ஷாஃபி மத்ஹபை (சட்டப் பிரிவை)ச் சேர்ந்தவர்கள். தவாஃப் (கஅபாவைச் சுற்றும்) நெரிசலில் அந்நியப் பெண் மேல் கை பட்டால் ஒளூ (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் சுத்தம்) முறியுமே?
— வாசகர், பரங்கிப்பேட்டை

இடையில் துணி இருந்தால் முறியாது. தோலோடு தோல் பட்டால்தான் முறியும். கஅபாவை விட்டு விலகி, அல்லது மேல்தளத்தில் சுற்றுங்கள். முறிந்தால் ஒளூ செய்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த ஒன்றில், தொட்டால் ஒளூ முறியாது என்ற ஹனஃபி மத்ஹபின் கருத்தைப் பின்பற்ற அனுமதிக்கும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) உண்டு. அப்போது ஒளூவும் அந்த முறைப்படி, தலையில் கால்பாகம் தடவி, செய்ய வேண்டும். கிளம்புமுன் உங்கள் ஆலிமிடம் கேட்டுவிடுங்கள்.

கஅபாவில் உள்ள ஹஜருல் அஸ்வதை (கறுப்புக் கல்லை) முத்தமிட முடியாமல் திரும்பினால் ஹஜ்ஜு குறைதானா?
— வாசகி, கடலூர்

இல்லை. முத்தம் சுன்னத் (நபிவழி), பிறரை இடித்துத் தள்ளுவது பாவம். எதிரே வரும்போது கையை உயர்த்தி தக்பீர் ('அல்லாஹு அக்பர்') சொன்னால் போதும். 'நீ ஒரு கல். நன்மையோ தீமையோ செய்யமாட்டாய். நபி முத்தமிட்டதைப் பார்க்காவிட்டால் நானும் முத்தமிடமாட்டேன்' என்று அதனிடமே சொன்னவர் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி).