ஆறு வயது மகளுக்கு 23-ஆவது வரிசை, தாய்க்கு 8-ஆவது வரிசை: சீட்டுக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: 2025 மே விடுமுறையில் சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு பட்ஜெட் விமானத்தில் போனோம். நான், கணவர், 6 வயது மகள், 71 வயது மாமியார். நான்கு பேருக்கும் ஒரே பி.என்.ஆர். முதல் நாள் வெப் செக்-இன் செய்யப்போனால் திரையில் இருந்த எல்லாச் சீட்டுக்கும் விலை போட்டிருந்தது. வேண்டாம் என்று தாண்டிப்போகும் வழி கண்ணிலேயே படவில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைக் கணவர்தான் கண்டுபிடித்தார். அதை அழுத்தியதும் 8-பி, 17-இ, 23-பி, 29-இ என்று நான்கு திசையில் சீட் வந்தது. நான்கும் நடு சீட். மகளுக்கு 23-பி, எனக்கு 8-பி. பதறிப்போய், சீட்டுக்கு 600 வீதம் 2,400 ரூபாய் கட்டி 14-ஆவது வரிசைக்கு மாறினோம். விமானத்தில் ஏறிப் பார்த்தால் எங்களுக்குப் பின்வரிசை காலியாகவே வந்தது. திரும்பும்போது பணம் கட்டவில்லை. எனக்கு 11-இ, மகளுக்கு 24-பி. கவுண்டரில் கேட்டதற்கு ‘உள்ளே கேளுங்கள்’ என்றார்கள். உள்ளே கேட்டதற்கு ‘பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள்’ என்றார்கள். 24-சி-யில் இருந்த ஒரு தம்பி எழுந்து இடம் கொடுத்ததால் மகளோடு உட்கார்ந்தேன். இது சரியா? பணம் திரும்பக் கிடைக்குமா? வயதான மாமியாரையாவது எங்களோடு உட்கார வைத்திருக்க வேண்டாமா? நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம். வழக்கு என்றால் டெல்லிக்கு அலைய வேண்டுமா?

பதில்:

உங்கள் மகள் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கணவர், மாமியார் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் கலந்து ‘குடும்பத்தையே பிரித்துவிட்டார்கள்’ என்று மனு எழுதினால், வலுவான பாதியும் வலுவிழந்துவிடும். அதனால் முதலில் பிரித்துக்கொள்வோம்.

சீட்டுக்குத் தனியாகக் காசு வாங்குவது சட்டவிரோதம் இல்லை. பயணிகள் பலரும் இங்கேதான் தவறாக நினைக்கிறார்கள். டிக்கெட் விலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விருப்பமான சீட், சாப்பாடு, செக்-இன் பெட்டி, இசைக்கருவி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் வைத்துக்கொள்ள விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அனுமதி கொடுத்திருக்கிறது. குடிதண்ணீருக்கு மட்டும் அப்படிக் காசு கேட்க முடியாது. 2018 நவம்பரில் வெப் செக்-இன்னில் எல்லாச் சீட்டுக்கும் விலை வைத்தபோது நாடு முழுக்கச் சத்தம் எழுந்தது. மத்திய அரசும் ஆராய்கிறோம் என்றது. ஆனாலும் கட்டணம் நிலைத்துவிட்டது. அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு: கட்டணச் சேவை எதுவும் கட்டாயமாக இருக்கக் கூடாது. பயணி தானாக விரும்பிக் கேட்டால்தான் கொடுக்க வேண்டும். சீட் எதையும் தேர்வு செய்யாதவருக்குத் தானாகவே ஒரு சீட் ஒதுக்கப்பட வேண்டும்.

இதன் மேல் 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. ஒரு திருத்தம் கொண்டுவந்தது. உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர்களில் ஒருவரோடாவது சீட் ஒதுக்கப்படுவதை விமான நிறுவனம் உறுதி செய்ய வேண்டும், அதற்கான பதிவையும் வைத்திருக்க வேண்டும் என்பதே அந்த உத்தரவு.

‘ஒருவரோடாவது’ என்றுதான் இருக்கிறது. தாயோ தந்தையோ ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். கணவருக்கும் மாமியாருக்கும் 17-ஆவது, 29-ஆவது வரிசைகளில் சீட் ஒதுக்கியது வருத்தம்தான், ஆனால் இந்த உத்தரவின்படி மீறல் இல்லை. ‘அதே பி.என்.ஆர்.’ என்பதையும் பாருங்கள். கணவருக்கு ஆபீஸில் டிக்கெட் போட்டு, உங்களுக்கும் மகளுக்கும் நீங்கள் தனியாகப் போட்டிருந்தால், அவர் இந்த விதிக்குள் வரமாட்டார். ‘உறுதி செய்ய வேண்டும்’ என்பதில் கடமை யார் மேல் விழுகிறது? விமான நிறுவனத்தின் மேல். 24-சி-யில் இருந்த அந்தத் தம்பியின் நல்ல மனசின் மேல் இல்லை. அவர் மறுத்திருந்தால் உங்கள் மகள் இரண்டு அந்நியர்களுக்கு நடுவில் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்திருப்பாள். கேபினில் அழுத்தம் குறைந்தால் ஆக்சிஜன் மாஸ்க்கை முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு பிறகு குழந்தைக்குப் போடுங்கள் என்று ஒவ்வொரு விமானத்திலும் சொல்கிறார்கள். 11-ஆவது வரிசையில் இருப்பவர் 24-ஆவது வரிசைக் குழந்தைக்கு எப்படிப் போடுவார்? ஒரு குழந்தையைத் தாயின் பக்கத்தில் உட்கார வைப்பது சொகுசுச் சேவை இல்லை. அதற்கு விலை வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். டிக்கெட் போடும்போது நிபந்தனைகளுக்கு நீங்கள் ‘சம்மதம்’ கொடுத்தீர்கள், அதில் குறிப்பிட்ட சீட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று இருக்கிறதே என்பார்கள். ஒழுங்குமுறை அமைப்பு விதித்த கடமையை ஒரு நிறுவனம் தன் நிபந்தனைத் தாளால் தள்ளிவிட முடியாது. அடுத்து, குழந்தை இருப்பது தெரியாது என்பார்கள். டிக்கெட்டைக் குழந்தை என்ற பிரிவில்தானே போட்டிருப்பீர்கள், அந்தப் பதிவு அவர்கள் கணினியிலேயே இருக்கும். மூன்றாவது பதில்தான் கொஞ்சம் கனமானது: ‘இந்த அம்மா அவசரப்பட்டுப் பணம் கட்டிவிட்டார். கட்டாமல் இருந்திருந்தால் கவுண்டரிலேயே சேர்த்து உட்கார வைத்திருப்போம். உத்தரவில் இலவசமாக என்ற சொல் எங்கே இருக்கிறது?’

அந்தச் சொல் அதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உறுதி செய்ய வேண்டிய கடமையைப் பணம் கட்டினால்தான் செய்வேன் என்று சொல்ல இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு அதைவிட நல்ல பதில் கையிலேயே இருக்கிறது: திரும்பி வந்த பயணம். அன்று நீங்கள் பணம் கட்டவில்லை. அதே நிறுவனம், அதே குழந்தை, ஒரே பி.என்.ஆர். அப்போதும் சேர்த்து உட்கார வைக்கவில்லை. கவுண்டர் கைகாட்டியது, விமானத்துக்குள்ளும் கைவிரித்தார்கள். பணம் போன பயணத்தை மட்டும் சொல்லி, காசு போகாத பயணத்தை விட்டுவிட நினைப்பீர்கள். விட்டுவிடாதீர்கள். டெல்லிக்குப் போன பயணத்தில் நீங்கள் ஏன் பயந்து பணம் கட்டினீர்கள் என்பதற்குத் திரும்பி வந்த பயணமே சாட்சி.

பணக் கணக்கு இப்படி வரும். மொத்தம் 2,400 ரூபாய். உங்கள் சீட்டுக்கும் மகள் சீட்டுக்கும் கட்டிய 1,200 ரூபாயைத் தைரியமாகக் கேளுங்கள். கணவருக்கும் மாமியாருக்கும் கட்டிய 1,200 உங்கள் விருப்பத் தேர்வு என்றுதான் நுகர்வோர் ஆணையம் பார்க்கும். அதைக் கேட்க வேண்டாம் என்பது என் யோசனை. நேர்மையான தொகையைக் கேட்கிறவரின் மனுவுக்குத் தனி மதிப்பு உண்டு. திரும்பும்போது நடந்த சேவைக் குறைபாட்டுக்கும் மன உளைச்சலுக்கும் நியாயமான இழப்பீடும், வழக்குச் செலவும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம், இருபது லட்சம் என்று எழுதச் சொல்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் பிரிவு 2(11) சேவைக் குறைபாட்டை விளக்குகிறது. நடைமுறையில் உள்ள ஒரு சட்டத்தின்படி கடைப்பிடிக்க வேண்டிய தரத்தில் குறை இருந்தாலே அது சேவைக் குறைபாடு. டி.ஜி.சி.ஏ. உத்தரவை மீறியதை இதன்கீழ்க் கொண்டுவாருங்கள். பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் சேர்க்கலாம். ஆனால் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வாதத்தை மனுவில் எழுதாதீர்கள். அது மாநில ஆணையத்தின் வரம்புக்குள் வருவது. அதை எழுதினால், மாவட்ட ஆணையத்துக்கு இந்த வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று எதிர்தரப்பு முதல் வாய்தாவிலேயே எழுந்து நிற்கும்.

இன்னொன்றையும் தவிர்க்க வேண்டும். ‘பணம் பறிப்பதற்காகவே வேண்டுமென்று பிரித்துப் போட்டார்கள்’ என்று எழுதத் தோன்றும். நான்கும் நடு சீட்டாக வந்ததைப் பார்த்தால் எனக்கே அந்தச் சந்தேகம் வருகிறது. ஆனால் அவர்கள் கணினி எப்படிச் சீட் ஒதுக்குகிறது என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அவர்கள் வேண்டுமென்று செய்தார்களா, கவனமில்லாமல் செய்தார்களா என்பது உங்களுக்குத் தேவையே இல்லை. உறுதி செய்யத் தவறினார்கள் என்பது போதும். அதோடு, உத்தரவின்படி வைத்திருக்க வேண்டிய அந்தப் பதிவைத் தாக்கல் செய்யும்படி கேளுங்கள். பதிவு இருந்தால் அதில் 23-பி-யும் 24-பி-யும் இருக்கும். இல்லையென்றால் அதுவே இன்னொரு மீறல்.

சின்ன எழுத்தில் ஒளிந்திருந்த அந்த வழி தனிப் புகாருக்கு உரியது. 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மொத்தம் 13 வகை. அதில் ஒன்றுக்கு உதாரணமே விமான டிக்கெட்தான்: இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்பவரை ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வாசகத்தை அழுத்த வைப்பது. பயணிக்குத் தேவையான வழியை மங்கலாக்கி, நிறுவனத்துக்கு லாபமான பொத்தானைப் பளிச்சென்று காட்டுவது இன்னொரு வகை. உங்களுக்கு நடந்தது அதுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 17-இன்படி இதை மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய ஆணையத்துக்கோ எழுத்திலோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம். இதனால் உங்களுக்குப் பணம் வராது. அடுத்து வரும் தாய்மார்களுக்கு அந்தத் திரை மாறலாம்.

டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. பழைய 1986 நுகர்வோர் சட்டத்தில், நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள் என்பதற்காக மட்டும் ஓர் ஊரில் வழக்குப் போட முடியாது. இப்போது 2019 சட்டத்தின் பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரம் என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். டிக்கெட்டில் ‘டெல்லி நீதிமன்றங்களுக்கே அதிகார வரம்பு’ என்று அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

ஆனால் நேராக ஆணையத்துக்குப் போகாதீர்கள். முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல். பதில் வரவில்லை என்றால் அவர்களுடைய நோடல் அதிகாரிக்கு, அதாவது புகார்களைக் கவனிக்கும் பொறுப்பாளருக்கு, பிறகு மேல்முறையீட்டு அதிகாரிக்கு. இந்தப் பெயர்களும் முகவரிகளும் அவர்கள் இணையதளத்தில் இருக்க வேண்டும். கூடவே விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் ஒரு புகார், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார். பல வழக்குகள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். வவுச்சர் தருகிறோம் என்பார்கள். வேண்டாம், பணமாகத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

ஆதாரங்களை இன்றே திரட்டுங்கள். நான்கு சீட்டும் சிதறி வந்த அந்த முதல் திரையை உங்கள் கணவரோ நீங்களோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறீர்களா என்று தேடிப் பாருங்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதுதான். அது கிடைத்தால் தேதியும் நேரமும் சேர்ந்தே கிடைக்கும். முதலில் ஒதுக்கீடு, பிறகு பணம் என்ற வரிசை அதில்தான் தெரியும். டிக்கெட் போடும்போதே ஜன்னலோரம் வேண்டும் என்று கட்டிய பணத்துக்கும் நீங்கள் கட்டிய பணத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். திரும்பும் பயணத்தின் போர்டிங் பாஸ்களில் 11-இ, 24-பி என்று இருக்கும், அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் போன வங்கிக் குறுஞ்செய்தி, மகளின் வயதுச் சான்று இரண்டும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படியான மின்னணு ஆதாரச் சான்றிதழும் இணைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழின் இடத்தில் 2024 ஜூலை முதல் இருப்பது இதுதான்.

மாமியார் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 71 வயது என்ற காரணத்துக்காக மட்டும் பக்கத்துச் சீட்டைக் கேட்கும் உரிமையை 2024 உத்தரவு தரவில்லை. அவருக்குச் சர்க்கரை, மூட்டுவலி என்று உதவி தேவைப்படும் நிலை இருந்தால் டிக்கெட் போடும்போதே வீல்சேர் உதவியையும், துணைக்கு வருபவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். எழுத்தில் கேட்டும் மறுத்தால், அப்போது பேச ஒரு கடிதமாவது உங்கள் கையில் இருக்கும்.

அடுத்த முறை மகளோடு போகும்போது சிதறிய ஒதுக்கீடு வந்தால் பணம் கட்டும் முன் திரையைப் படம் எடுங்கள். விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போய், 2024 ஏப்ரல் டி.ஜி.சி.ஏ. உத்தரவு என்று கவுண்டரில் பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மறுப்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள், ஆனால் சீட் பெரும்பாலும் மாறிவிடும். எமர்ஜென்சி கதவு இருக்கும் வரிசையை மட்டும் கேட்காதீர்கள், அங்கே குழந்தைகளை அனுமதிக்க மாட்டார்கள்.

வழக்குக்கான காலக்கெடு இரண்டு வருடம், அதாவது 2027 மே வரை. அவ்வளவு நாள் விடாமல், மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.