காட்டுப் பாதையில் சைக்கிள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விடுமுறை நாட்களில் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறேன். பெரிய வேகமெல்லாம் இல்லை. பறவை பார்க்க நடந்தே போகும் நண்பர் ஒருவர், “நீ எங்கே காட்டைப் பார்க்கிறாய், முன்சக்கரத்தைத்தானே பார்க்கிறாய்” என்கிறார். யோசித்தால் உண்மைதான் என்று படுகிறது. நான் ரசிப்பது காட்டையா, ஓட்டத்தையா?

ர.

அன்புள்ள ர.,

நண்பர் சொல்வது பாதி சரி. வேரும் கல்லுமாகக் கிடக்கும் பாதையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓட்டினால் முள்புதரில்தான் போய் விழவேண்டும். ஆனால் காட்டைக் கண்ணால் மட்டும்தான் அறியமுடியும் என்று யார் சொன்னது?

காற்றில்லாத விடிகாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கிப் பாருங்கள். இரவில் குளிர்ந்த காற்று கனமானது, தாழ்வான இடத்தில் போய்த் தேங்கி நிற்கும். நடப்பவருக்கு அந்த மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் எளிதில் உறைப்பதில்லை. சைக்கிளில் சில நொடிகளிலேயே அதற்குள் புகுந்துவிடுகிறோம். ஹேண்டில்பாரைப் பிடித்த விரல்களில் தொடங்கி முழங்கை வரை சில்லென்று ஏறும். எதிர் மேட்டில் ஏறினால் மறுபடி வெதுவெதுப்பு.

டயர் சத்தமும் அப்படித்தான். காய்ந்த சருகில் நொறுநொறுக்கும், சரளையில் கரகரக்கும், ஊசியிலை மரங்களுக்கடியில் மெத்தென்று அடங்கிவிடும். தலையைத் தூக்காமலே மேலே மரம் மாறிவிட்டது தெரியும்.

நண்பரைச் சீண்ட ஒரு தகவல் தருகிறேன். சைக்கிளின் மூதாதையான இருசக்கர வண்டியை 1817இல் ஓட்டிக்காட்டிய கார்ல் டிரைஸ், ஜெர்மனியின் பாடன் அரசில் வன அதிகாரி. அதில் பெடல் கிடையாது, காலால் தரையை உந்தித்தான் போகவேண்டும். (அவரும் முதலில் ஓட்டியது நல்ல சாலையில்தான் என்பதை நண்பரிடம் சொல்லவேண்டாம்.)

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன். நாம் போய்ச் சேரும் இடத்தில் பறவைகள் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும், அல்லது எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டு விலகும். இறங்கி, வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால்தான் அவை பழையபடி தம் வேலையைப் பார்க்கத் தொடங்கும். ஒரு தடவைகூட இறங்காமல் திரும்பி வருகிறீர்கள் என்றால் நீங்கள் ரசித்தது பெரும்பாலும் ஓட்டத்தைத்தான். அதிலும் தப்பில்லை, அதுவும் உடம்புக்கு ஒரு சந்தோஷம். ஹேண்டில்பாரில் செல்போனை மாட்டி வேகத்தையே பார்த்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மழை பெய்து பாதை சொதசொதவென்று இருக்கும்போது அங்கே ஓட்டாதீர்கள். சக்கரம் பதிந்த தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்கினால் அங்கே முளைத்திருக்கும் கன்றுகள் நசுங்கும், ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதையாகிவிடும். இறக்கத்தில் பின்பிரேக்கை இறுக்கிச் சறுக்குவதும் கிட்டத்தட்ட அதே கேடு. மண் இறுகும்வரை தார்ச்சாலையில் ஓட்டிக்கொள்ளலாம்.