தைக்கு முன்னால் மனுப் போடுங்கள்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 27 வயது. திருமங்கலம் பக்கம் கிராமம். போன வருஷம் ஆவணியில் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு தேனிப் பக்கம். தை மாதம் அவர்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "மூத்தவளுக்கும் இதே மாதிரி அட்டிகைதான போட்டாக" என்றார். விசாரித்தால், என் கணவருக்கு ஐந்து வருஷத்துக்கு முன்பே கல்யாணமாகி, அந்தப் பெண்ணை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 'அத்து விட்டு' விட்டார்களாம். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகவே இல்லை. எங்களிடம் இதுதான் முதல் கல்யாணம் என்று சொன்னார்கள். அன்றே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பங்குனியில் பெரியவர்கள் சமாதானம் பேசி அனுப்பினார்கள். பத்து நாள் இருந்து பார்த்தேன், முடியவில்லை. இப்போது என் தாய்மாமா, "நாமளும் அதே மாதிரி பத்திரம் எழுதி முடிச்சுக்கலாம், கோர்ட்டு எதுக்கு" என்கிறார். எனக்கு விவாகரத்து வேண்டாம், இந்தக் கல்யாணமே செல்லாது என்று தீர்ப்பு வேண்டும். கிடைக்குமா? என் நகை 35 பவுன் அங்கேதான் இருக்கிறது. குழந்தை இல்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் காலண்டரைப் பார்த்தேன். இது ஐப்பசி. தை பிறக்க மூன்று மாதம்கூட இல்லை. அந்தக் காதுகுத்து நடந்த தேதி திரும்பி வருவதற்குள் உங்கள் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் நீங்கள் கேட்பதற்கு இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 11-வது பிரிவு, ஆரம்பத்திலிருந்தே செல்லாத கல்யாணத்துக்கு. தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு உயிரோடு ஒரு மனைவி இருந்து, அந்தக் கல்யாணம் சட்டப்படி முறியாமல் இருந்தால், உங்கள் கழுத்தில் ஏறிய தாலிக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. இதற்குக் காலக்கெடு இல்லை. 12-வது பிரிவு வேறு மாதிரி. அந்தக் கல்யாணம் செல்லும், ஆனால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் கோர்ட் அதை ரத்து செய்யும். வற்புறுத்தியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கியிருந்தால் இதில் போகலாம். மாப்பிள்ளையைப் பற்றிய முக்கியமான விஷயத்தை மறைப்பதும் ஏமாற்றுதான் என்று 1976 திருத்தம் தெளிவாகச் சேர்த்திருக்கிறது. முதல் கல்யாணத்தை மறைத்ததைவிட முக்கியமான விஷயம் வேறு என்ன இருக்கிறது?

ஆனால் இந்த 12-வது பிரிவில் இரண்டு பூட்டு உண்டு. ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். தெரிந்த பிறகு முழுச் சம்மதத்தோடு கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருக்கவும் கூடாது. மற்ற வழக்குகள் மாதிரி, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனுப் போட்டுச் சமாளிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

"முதல் மனைவி உயிரோடு இருக்கிறாரே, 11-வது பிரிவு போதாதா, எதற்கு இந்தத் தை மாத அவசரம்?" என்று கேட்பீர்கள். அந்த 20 ரூபாய் பத்திரம்தான் காரணம். நம் மதுரை, தேனிப் பக்கத்துச் சில சமுதாயங்களில் பெரியவர்கள் முன்னால் துரும்பு கொடுத்து அத்து விடுவது பரம்பரையாக வந்த வழக்கம். அதைச் சட்டம் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. 29-வது பிரிவு, வழக்கத்தின்படி கிடைத்த மணமுறிவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் எழுதி வைத்ததெல்லாம் வழக்கம் ஆகிவிடாது. எங்கள் சமுதாயத்தில் இப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல், எல்லோரும் ஏற்றுக்கொண்டதாக இருக்கிறது என்று மனுவில் தனியாகச் சொல்லி, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். யமனாஜி ஜாதவ் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். அந்தச் சுமை உங்கள் கணவர் தலையில். "நாட்டாமை சொன்னார், நாங்க கையெழுத்துப் போட்டோம்" என்றால் நிற்காது.

பெரும்பாலும் அவரால் நிரூபிக்க முடியாது என்றே நினைக்கிறேன். முடியாவிட்டால் முதல் கல்யாணம் இன்னும் உயிரோடு இருக்கிறது, உங்கள் கல்யாணம் 11-வது பிரிவில் விழுந்துவிடும். ஒருவேளை நிரூபித்துவிட்டால்? அப்போது உங்கள் கல்யாணம் செல்லும். கையில் மிஞ்சுவது 12-வது பிரிவு மட்டும். மூன்று வருஷம் 11-வது பிரிவை நம்பி வழக்கு நடத்திவிட்டு, கடைசியில் அவர் நாலு பெரியவர்களைக் கூண்டில் ஏற்றிப் பேச வைத்துவிட்டால், அன்றைக்கு 12-வது பிரிவுக்கு ஓட முடியாது. அதனால் ஒரே மனுவில் இரண்டையும் கேளுங்கள்: முதலில் செல்லாது என்று அறிவிக்க வேண்டும், அது இல்லையென்றால் ஏமாற்றியதற்காக ரத்து செய்ய வேண்டும். உங்கள் வக்கீல் 11 மட்டும் போதும் என்றால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பத்து நாளுக்கு வருகிறேன். எதிர்த்தரப்பு பிடித்துத் தொங்கப்போவது அதைத்தான். உங்கள் வீட்டில் யாராவது "அதைச் சொல்லவே வேண்டாம்" என்பார்கள். கேட்காதீர்கள். மனுவிலேயே எழுதுங்கள். யார் வந்து பேசினார்கள், எந்தத் தேதியில் போனீர்கள், எந்த அறையில் படுத்தீர்கள், எதனால் திரும்பினீர்கள், எல்லாம் வரட்டும். சட்டம் கேட்பது முழுச் சம்மதத்தோடு வாழ்ந்த தாம்பத்தியமா என்பதை. பெரியவர்கள் சொல்லைத் தட்ட முடியாமல் போய், மாமியாரோடு படுத்து, பத்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தது அது ஆகாது என்று வாதாடலாம். உண்மையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நீங்கள் மறைத்து, அது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால், மாப்பிள்ளை மறைத்தார் என்று நீங்கள் சொல்லும் வழக்கே வலுவிழந்து போகும். இனிமேல் சமாதானம் பேச யார் கூப்பிட்டாலும் அந்த வீட்டுக்குப் போய்த் தங்காதீர்கள். 11-வது பிரிவுக்கு இந்தப் பத்து நாள் தடையே இல்லை.

இனி தாய்மாமாவுக்கு. உங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் அவர் சொல்கிறார். ஆனால் நான் பார்த்த ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். சில வருஷங்களுக்கு முன் மதுரை குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் ஒரு பெண் என்னிடம் வந்து, மஞ்சள் பையிலிருந்து மூன்றாக மடித்த பத்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. கீழே எட்டுக் கையெழுத்து, இரண்டு கைநாட்டு. "இதான் இருக்கே, பெறகு எதுக்கு என்னைய வரச் சொல்றாக" என்றார். அவர் அந்தப் பத்திரத்தை நம்பி வேறு கல்யாணம் செய்து, மகனுக்கு ஏழு வயது. முதல் கணவர், 'இவள் இன்னும் என் மனைவிதான்' என்று நோட்டீஸ் அனுப்பியிருந்தார். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். மிச்சப் பேரில் ஒருவர்கூடக் கூண்டேற வரவில்லை. பிள்ளைக்கு 16-வது பிரிவில் பாதுகாப்பு உண்டு, அவன் சட்டப்படியான மகன்தான். ஆனால் அந்த அம்மா அந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நீங்களும் ஒரு பத்திரம் எழுதினால் உங்கள் அடுத்த வாழ்க்கைக்கும் இதே பயம் ஒட்டிக்கொள்ளும். நோட்டரி முத்திரை இருந்தாலும் அந்தக் காகிதம் தீர்ப்பு ஆகாது.

சாட்சியங்களை இன்றைக்கே சேர்க்க ஆரம்பியுங்கள். காதுகுத்துப் பத்திரிகை மிக முக்கியம். உங்களுக்கு உண்மை தெரிந்த நாளை அதுதான் சொல்லும், கோர்ட்டுக்கு வேண்டியது அதில் அச்சடித்த ஆங்கிலத் தேதி. தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயோடேட்டாவில் 'முதல் மணம்' என்று இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் தனியாகத் தர வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். உங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் நகலை வாங்குங்கள். திருமணத்துக்கு முன் அவர் நிலை என்ன என்று கேட்கும் இடத்தில் அவர் 'திருமணமாகாதவர்' என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

முதல் கல்யாணத்தை நிரூபிப்பதும் உங்கள் வேலைதான். அதன் பத்திரிகை, ஆல்பம், கோவிலில் நடந்திருந்தால் ரசீது. அப்புறம் மொய் நோட்டு. நம் பக்கம் மொய் நோட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அந்தக் கல்யாணத்துக்கு மொய் வைத்த உங்கள் சொந்தக்காரர் எவராவது இருந்தால் அவர் வீட்டு நோட்டிலும் வரவு செலவு இருக்கும். இதற்கெல்லாம் மேலே, அந்த முதல் பெண். தயவுசெய்து அவரைப் பகையாக நினைக்காதீர்கள். அம்மாவையோ அத்தையையோ அழைத்துக்கொண்டு மரியாதையாகப் போய்ப் பாருங்கள். அவரும் தன் நிலை என்னவென்று தெரியாமல்தான் இருப்பார். அவர் வந்து, "எங்களுக்குக் கல்யாணம் நடந்தது, கோர்ட்டில் விவாகரத்து ஆகவில்லை" என்று சொன்னால் உங்கள் வழக்கு பாதி முடிந்த மாதிரி.

மனுவை எங்கே போடுவது? தேனிக்கு அலைய வேண்டியதில்லை. கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் நடந்ததால் மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் போடலாம். மனைவி தான் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடவும் 2003 திருத்தம் வழி செய்திருக்கிறது. நோட்டீஸ் போகும், கவுன்சிலிங் நடக்கும், அவர் எதிருரை போடுவார், பிறகு சாட்சி விசாரணை. அவர் வராமலே இருந்தாலும் நீங்கள் நிரூபித்தால்தான் தீர்ப்பு. வாய்தா மேல் வாய்தா ஆகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஊர் பேசுமே என்ற பயம் இருந்தால், 22-வது பிரிவில் மூடிய அறையில் விசாரணை நடக்கும், விவரங்களைப் பத்திரிகையில் போடவும் கூடாது. வக்கீல் பீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முதல் கல்யாணத்தை மறைத்து இன்னொருவரைக் கட்டுவதற்கு பாரதிய நியாய சம்ஹிதா 82-வது பிரிவில் 10 வருஷம் வரை தண்டனை இருக்கிறது. அது தனி வழி. அதில் அவர் உள்ளே போனாலும் உங்கள் கையில் ரத்துத் தீர்ப்பு வராது. அதற்காக இந்த மனுவைத் தள்ளிப் போட வேண்டாம்.

நகை 35 பவுனும் உங்கள் சொத்து. கல்யாணம் செல்லாது என்று ஆனாலும் அது அவர்களுடையது ஆகிவிடாது. கடை பில், கல்யாண ஆல்பத்தில் ஒவ்வொரு நகையும் தெரியும் படம், இரண்டையும் வைத்துப் பட்டியல் எழுதி, திருப்பித் தரும்படி அதே கோர்ட்டில் கேளுங்கள். ஜீவனாம்சமும் கேட்கலாம். செல்லாத கல்யாணம் என்று தீர்ப்பானவர்களும் 25-வது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. சமாதானப் பேச்சில் பாதி நகையைக் கொடுத்துவிட்டு, 'எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியமும் இல்லை' என்று எழுதி நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் விவாகரத்தானவர் இல்லை. சட்டத்தின் கண்ணில் அந்தக் கல்யாணம் இல்லை. மேல்முறையீடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும், அதற்கான காலம் முடியும்வரை அடுத்த வரன் பேச்சை நிறுத்தி வையுங்கள். பேசும்போது நடந்ததைத் தீர்ப்பு நகலோடு முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு நடந்ததை இன்னொருவருக்கு நீங்கள் செய்ய வேண்டாம்.

தீபாவளி, பொங்கல் என்று கோர்ட் லீவு வரிசையாக வருகிறது. கார்த்திகை பிறப்பதற்குள் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அந்தக் காதுகுத்துப் பத்திரிகை இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று இன்றைக்கே அம்மாவிடம் கேளுங்கள்.