டிரெய்லரில் மைக்ரோவேவ்: ஒரு பேட்டரி போதுமா?

கேள்வி: எங்கள் பயண டிரெய்லரில் 12 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர் அவர்) லெட் ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கிறது. 2000 வாட் இன்வெர்ட்டர் மாட்டினால் மைக்ரோவேவ், மின்கெட்டில், வீட்டு ஃப்ரிட்ஜ் மூன்றையும் ஓட்டலாமா?

பதில்: இந்த ஒரு பேட்டரியை நம்பி 2000 வாட் இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். பேட்டரியில் இருப்பதைத்தான் இன்வெர்ட்டர் மாற்றித் தருகிறது. அதிலும் பத்துப் பதினைந்து சதவீதத்தைத் தானே விழுங்கிவிடும்.

முதலில் கையிருப்பைப் பார்ப்போம். 12 வோல்ட்டை 100 ஏ.எச்.-ஆல் பெருக்கினால் 1200 வாட் அவர். லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆக, 600 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க சுமார் 100 வாட் அவர் போதும். 600-இல் 100 தானே என்று தோன்றும். ஆனால் சிக்கல் அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. 1500 வாட் கெட்டில் 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் கேட்கும். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 140-ஐத் தொடும். பேட்டரி மேல் போட்டிருக்கும் 100 ஏ.எச். என்பது பெரும்பாலும் 5 ஆம்பியராக 20 மணி நேரம் எடுத்தால் கிடைப்பது. 140 ஆம்பியர் இழுத்தால் வோல்டேஜ் மளமளவென்று சரியும். 10.5 வோல்ட் பக்கம் வந்ததும் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். பேட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கும்போதே இப்படி நடப்பதால், இன்வெர்ட்டர்தான் பழுது என்று அதைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு!

மைக்ரோவேவும் இதே கதைதான். '800 வாட்' என்று எழுதியிருப்பது சமைக்கும் திறன். அது இழுப்பது 1200 வாட் அளவுக்கு இருக்கும்.

ஃப்ரிட்ஜின் பிரச்சினை வேறு. ஓடும்போது குறைவாகத்தான் எடுக்கும், ஆனால் நாள் முழுக்க எடுக்கும். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். அதற்காக இன்வெர்ட்டரை இரவும் பகலும் போட்டு வைத்தால், சும்மா இருப்பதற்கே 20 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர் 24 மணி நேரத்தில் 480 வாட் அவரைத் தின்றிருக்கும். நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜே இதற்குச் சரி. கெட்டிலையும் விட்டுவிடுங்கள், தண்ணீர் சுட வைக்கத்தான் கேஸ் அடுப்பு இருக்கிறதே.

மைக்ரோவேவ் வேண்டும்தான் என்றால் 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டை இணையாகப் போடுங்கள். ஒன்று போதாது: அந்த அளவு பேட்டரிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) 100 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து விடாது. சார்ஜரிலும் லித்தியத்துக்கான செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது இவற்றை சார்ஜ் செய்யக் கூடாது. இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவாக, அதாவது வீட்டு மின்சாரம் போலச் சீரான அலையாகத் தருவதாக இருக்கட்டும்; மலிவு ரகத்தில் மைக்ரோவேவ் உறுமும், சூடும் குறையும்.

அப்புறம் ஒயர். 2000 வாட் இன்வெர்ட்டருக்கு 70 சதுர மில்லிமீட்டர் கேபிள், முடிந்தவரை குட்டையாக. ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். மாட்டி முடித்ததும் மைக்ரோவேவை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு லக்குகளை (கேபிள் முனையில் போல்ட் போட்டு இறுக்கும் உலோகத் துண்டுகள்) தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால், அந்த போல்ட் சரியாக இறுகவில்லை.