வாசகர் கேள்வி: தெப்பித்தே (நாடாளுமன்ற உறுப்பினர்) ஆவதும், ஆனபின் செய்வதும்

"நம் நாட்டின் முதல் ஜனாதிபதி ஒரு தமிழர், சர் வீராசாமி ரிங்காடு என்று பேரனிடம் பெருமையாகச் சொன்னேன். 'மூன்றரை மாதம்தானே பாட்டி' என்று சிரிக்கிறான். அவ்வளவுதானா?"
– வாசகி, ரோஸ் ஹில்

பேரன் கணக்கில் பிழையில்லை அம்மா. 1992 மார்ச் 12 அன்று மொரீசியஸ் குடியரசானது. ஜூன் 30 வரை ரிங்காடு ஜனாதிபதி. அவரை அடுத்து காசம் உத்தீம் வந்துவிட்டார். கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்தவரே முதல் ஜனாதிபதியாகவும் அமர்ந்தார். புது ஏற்பாடு நிலைகொள்ளும் வரைக்குமான பதவி அது.

பேரனிடம் அதற்கு முந்தைய கதையைச் சொல்லுங்கள். 1920 அக்டோபர் 20 அன்று பிறந்தவர், லண்டனில் சட்டம் படித்தவர். 1951 முதல் மோக்கா–பிளாக் பகுதியின் சார்பில் சட்டசபையில் இருந்தார். 1959இல் தொழிலாளர் நல அமைச்சர், 1964இல் கல்வி, 1967இல் விவசாயம், 1968 முதல் 1982 வரை நிதி. தொகுதிகள் 1967 தேர்தலுக்காக மாற்றி வரையப்பட்டபின் அவருடைய இடம் எட்டாம் தொகுதி, அதாவது கார்த்தியே மிலித்தேர்–மோக்கா.

அவரை எடைபோட வேண்டுமானால் நிதியமைச்சில் கழித்த அந்த 14 ஆண்டுகளை வைத்துத்தான் போட வேண்டும். ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த 1970இல் நிதிப் பொறுப்பு அவரிடம். எழுபதுகளின் நடுவில் சர்க்கரை விலை ஏறியபோது கஜானா நிரம்பியது. சம்பளமும் அரசுச் செலவும் கூடவே ஏறின. பிறகு சர்க்கரை இறங்கியது, எண்ணெய் ஏறியது. ஏறிய செலவை இறக்க முடியவில்லை. 1979இல் ஒரு முறையும் 1981இல் மறுமுறையும் ரூபாயின் மதிப்பைக் குறைக்க நேர்ந்தது. 1982 ஜூனில் மக்கள் தீர்ப்பு சொன்னார்கள்: அவருடைய தொழிற்கட்சி எந்தத் தொகுதியிலும் ஓர் இடம்கூட வெல்லவில்லை. முப்பது ஆண்டு சட்டசபை வாழ்க்கை அத்தோடு முடிந்தது. 1985 டிசம்பரில் அப்போதைய கவர்னர் ஜெனரல் சர் சிவசாகர் ராம்கூலம் காலமானபின், 1986 ஜனவரியில் அந்தப் பதவி ரிங்காடுவைத் தேடி வந்தது.

"மூன்று பேருக்கு எதற்கு வாக்கு? நம்மவர் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வரலாமா?"
– வாசகர், திரியோலே

போடலாம். எண்ணும்போது அந்தச் சீட்டு செல்லாத கட்டுக்குப் போய்விடும்.

தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு 3 இடம். ரொட்ரிக்ஸ் தீவு 21ஆம் தொகுதி, அங்கே 2 இடம். ஆக 62. எத்தனை இடமோ அத்தனை சிலுவைக் குறி கட்டாயம். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் முழுச் சீட்டும் வீண். ஒருவருக்கு மட்டும் குறியிட்டு அவரைத் தூக்கிவிடும் தந்திரத்துக்கு இங்கே வழியில்லை. மற்ற இரண்டு குறியும் எங்கேயாவது விழுந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அதே அணிக்கு விழும். தமிழ் வேட்பாளர் வெல்வதும் தோற்பதும் கூட நிற்கும் இருவரைப் பொறுத்தது என்பது அதனால்தான். அலை அடித்தால் மூவரும் சேர்ந்தே கரையேறுவார்கள், சேர்ந்தே மூழ்குவார்கள். 'சுவாசாந்த் ஸேரோ' என்கிறோமே, அந்த 60–0 இப்படித்தான் 1982, 1995, 2024 என்று மூன்று முறை நடந்தது. வென்ற அணிக்கு எதிராக வாக்களித்த பெருந்தொகையினருக்கு ஒரு நேரடி இடமும் கிடைக்காதது நல்ல முறையல்ல என்பது எங்கள் கருத்து.

"பெஸ்ட் லூசர் இடத்தில் தமிழர் பங்கு எவ்வளவு?"
– வாசகர், வாக்குவா

சமூகங்களுக்கிடையே சமநிலைக்காகத் தோற்றவர்களுக்குத் தரும் இந்தக் கூடுதல் இடங்களில் தமிழருக்கென்று தனிப் பங்கு கிடையாது. அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணை பெயர் சொல்வது இந்து, முஸ்லிம், சீன–மொரீசியர் என்ற மூன்று சமூகங்களை. எஞ்சியவர் எல்லாம் 'பொது மக்கள்' என்ற நான்காவது சமூகம். தமிழர் இந்துக் கணக்கில் வருகிறார்கள்.

கூடுதல் இடம் அதிகபட்சம் 8. முதல் நான்கைக் கட்சி பார்க்காமல் தருவார்கள். ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையையும், அது பெற்ற இடத்தோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். எதற்குப் பெரிய எண் வருகிறதோ அதற்கு இடம். கற்பனைக்கு, ஒரு சமூகம் 1,20,000 பேர், 9 இடம் என்று வையுங்கள்: 1,20,000 ÷ 10 = 12,000. இன்னொன்று 2,40,000 பேர், 15 இடம்: 2,40,000 ÷ 16 = 15,000. இடம் இரண்டாவதற்கு. அந்தச் சமூகத்தில் தோற்றவர்களில் தம் தொகுதியில் அதிக வாக்கு விகிதம் பெற்றவர் உள்ளே போவார். ஒவ்வோர் இடத்துக்கும் புதிதாக வகுத்துப் பார்ப்பார்கள். அடுத்த நான்கு, முதல் நான்கால் கட்சிகளின் பலம் மாறியிருந்தால் அதைச் சரிக்கட்ட.

வகுக்க எடுப்பது 1972 கணக்கெடுப்பின் எண்கள்! அதன்பின் சமூகவாரிக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இன்னொன்று: கட்சி சாராமல் நின்றவருக்கு இந்த இடம் கிடைக்காது, எவ்வளவு வாக்கு வாங்கியிருந்தாலும்.

"நான் அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 29. அடுத்த தேர்தலில் நிற்க நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?"
– வாசகர், மாஹேபூர்

முதலில் வேலை, தம்பி. அரசு ஊழியரும் உள்ளாட்சி ஊழியரும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள். விடுப்பு போதாது. ராஜினாமா ஏற்கப்பட்ட கடிதம் கையில் வந்தபின் வேட்பு மனுவைப் பற்றி யோசியுங்கள்.

வயது 18 போதும். காமன்வெல்த் குடிமகனாக இருக்க வேண்டும். மனு நாளுக்கு முன் மொத்தம் 2 ஆண்டாவது இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அதில் கடைசி 6 மாதம் தொடர்ச்சியாக. வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துத் திரும்புகிறவர்கள் இடறுவது இந்தக் கடைசி விதியில்.

உங்கள் பெயரிலோ, நீங்கள் பங்காளியாக உள்ள நிறுவனத்தின் பெயரிலோ அரசு ஒப்பந்தம் இருந்தால், மனு கொடுத்த 14 நாளுக்குள் அரசிதழிலும் தொகுதியில் விற்கும் செய்தித்தாளிலும் ஆங்கிலத்தில் அறிவிப்பு வெளியிட வேண்டும். குடும்பக் கம்பெனி என்று அசட்டையாக விட்டுவிடாதீர்கள்.

வாக்குறுதியிலும் நாக்கை அடக்குங்கள். 2005இல் எட்டாம் தொகுதியில் வென்ற அசோக் ஜுக்நாத்தின் வெற்றியை 2007இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2008இல் லண்டனிலுள்ள இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. கல்லறை நிலம், அரசு வேலை என்று தேர்தல் வேளையில் காட்டிய ஆசைகள் லஞ்சமாகக் கொள்ளப்பட்டன. 2009 மார்ச்சில் இடைத்தேர்தல் நடந்தது.

"நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாமா?"
– வாசகி, போர்ட் லூயிஸ்

முடியாது. அவையின் மொழி ஆங்கிலம், பிரெஞ்சிலும் பேசலாம். ஆங்கிலம் பேசவும் வாசிக்கவும் தெரியாதவர் வேட்பாளராகவே நிற்க முடியாது. ஒரு காலத்தில் தமிழுக்கு வேறு மதிப்பு இருந்தது. 1947 சட்டத்தின்படி தமிழ் உட்பட இத்தீவின் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எளிய வாக்கியம் எழுதத் தெரிந்தாலே வாக்குரிமை. சுமார் 12,000 ஆக இருந்த வாக்காளர் தொகை 1948 தேர்தலில் சுமார் 72,000 ஆனது.

"100 ரூபாய் நோட்டில் இருப்பவர் யார்?"
– மாணவி, கியூர்பிப்

ரெங்கநாதன் சீனிவாசன். வழக்கறிஞர், தொழிற்கட்சிக்காரர், கல்வி அமைச்சர். 1958இல் காலமானார்.

"எங்கள் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. தெப்பித்தே கண்டுகொள்ளவில்லை."
– வாசகர், ரிவியேர் தெ ராம்பார்

கிராமத் தெரு என்றால் மாவட்ட கவுன்சிலுக்கு எழுதுங்கள். நெடுஞ்சாலையும் முக்கியச் சாலையும் சாலை மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பு. உறுப்பினர் கையில் பணம் இல்லை. அமைச்சர் ஒருவரின் பரிந்துரை இல்லாமல் செலவு வைக்கும் மசோதாவை அவரால் கொண்டுவரவும் முடியாது. அவரிடம் உள்ள ஆயுதம் கேள்வி. எழுத்தில் கேட்டால் அமைச்சர் பதில் ஹன்சார்ட் என்ற அவைக் குறிப்பேட்டில் ஏறும். ஆகவே அவரிடம் போகும்போது சாலையின் பெயர், கவுன்சிலுக்குக் கொடுத்த மனுவின் நகல், கொடுத்த தேதி மூன்றையும் கொண்டுபோங்கள். "எங்கள் ரோட்டைக் கொஞ்சம் பாருங்கள்" என்பதை வைத்துக் கேள்வி எழுத முடியாது.